கூக்குரலிட்ட அதே வாய்கள்

தியானப் பகுதி: லூக்கா 23:13-48, சங்கீதம் 31:1-5



பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியே வருகிறவர்கள் பாடகர் குழுவைப் பாராட்டிச் சொல்லும் ஒரு சொல் உண்டு. பாட்டு மனதுக்கு இதமாயிருந்தது என்பார்கள். அன்பினால் சொல்லப்படும் சொல் அது. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. குற்றமற்ற ஒருவரை மரத்தில் அறைந்து கொன்ற நாளை நினைவுகூர்ந்துவிட்டு, இதமாயிருந்தது என்று சொல்லி வீடு திரும்ப நம்மால் எப்படி முடிகிறது? அப்படி முடியுமானால், மூன்று மணி நேரமாக ஆலயத்தில் அமர்ந்து நாம் எதைத்தான் கேட்டோம்?

இந்த வாரத் தியானத்தில் நான் சொல்ல வருவது உங்களில் சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய இசை எப்போதும் இனிமையாகவே இருக்கவேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பதற்குப் பக்தி என்று பெயரிட்டிருக்கிறோம். உள்ளபடி அது, அந்தப் பாடுகளில் நமக்குள்ள பங்கைக் காணாதபடி கண்களை மூடிக்கொள்ளும் வழி. செவிக்கு இன்பமானது பரிசுத்தமானது, செவியை உறுத்துவது பிசாசுக்குரியது என்று வகுத்துவைத்திருக்கிறவர்கள் அந்த வகுப்பை வேதத்திலிருந்து எடுக்கவில்லை. இதை விளங்கப்பண்ண, கேட்ட சில நிமிடங்களிலேயே 'இது வெறும் இரைச்சல்' என்று பலர் ஒதுக்கிவிடக்கூடிய ஓர் இசைப்படைப்பை உங்கள் முன் வைக்கிறேன்.

அதை இயற்றியவர் போலந்து நாட்டு இசையமைப்பாளர் க்ஷிஷ்டோஃப் பெண்டரெட்ஸ்கி (1933-2020). 'லூக்காவின்படி நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் பாடுகளும் மரணமும்' என்பது அதன் பெயர். ஜெர்மனியிலுள்ள மூன்ஸ்டர் நகரப் பேராலயத்தின் 700-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, மேற்கு ஜெர்மானிய வானொலி நிலையம் அதை எழுதித் தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டது. 1966 மார்ச் 30-ஆம் நாள், லெந்து காலத்தில், அந்தப் பேராலயத்திலேயே அது முதன்முதலாகப் பாடப்பட்டது. மூன்று பெரிய பாடகர் குழுக்கள், ஒரு சிறுவர் குழு, மூன்று தனிப்பாடகர்கள், பெரியதொரு வாத்தியக் குழு இத்தனையும் அதற்கு வேண்டும். லூக்கா 22, 23 அதிகாரங்களின் பகுதிகளோடு, சங்கீதங்களும், எரேமியாவின் புலம்பலும், மேற்கத்திய சபையின் பழைய சிலுவைப் பாடல்களும் லத்தீன் மொழியில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டவருடைய வார்த்தைகளை ஓர் ஆண் குரல் பாடுகிறது. சுவிசேஷகனுக்கோ பாட்டு இல்லை. அவன் பேசுகிறான், நடந்ததைச் சாட்சியாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறான்.

அந்தப் படைப்பு ஒலித்த இடத்தையும் காலத்தையும் அறியாமல் அதன் ஒலியை நியாயந்தீர்க்க முடியாது. ஆகையால் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

மூன்ஸ்டர் பேராலயம் 1943 அக்டோபர் 10-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், குண்டுவீச்சினால் பாழாக்கப்பட்டு, யுத்தத்திற்குப் பின் மறுபடியும் கட்டப்பட்டது. அந்நகரின் பேராயராயிருந்த கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபான் காலென், மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் நாட்சி அரசு கொன்றுவருவதை 1941-இல் பிரசங்கபீடத்திலிருந்தே வெளிப்படையாகக் கண்டித்தவர். அவருடைய கல்லறையும் அந்தப் பேராலயத்தில்தான் இருக்கிறது. இசையமைப்பாளரோ போலந்தின் டெம்பிட்சா என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஜெர்மானியப் படை அவருடைய நாட்டிற்குள் நுழைந்தபோது அவருக்கு ஐந்து வயது. அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூத சமுதாயம் அந்த யுத்த ஆண்டுகளிலேயே அழித்தொழிக்கப்பட்டது. அவர் பின்னாளில் கற்றுத் தொழில் செய்த க்ராக்கோவ் நகரத்திற்கும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கும் இடையே உள்ள தூரம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இந்தப் பாடுகள் கிறிஸ்துவின் பாடுகள், அதோடு ஆஷ்விட்ஸில் மனுக்குலம் அடைந்த பாடுகளும்கூட என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னுமொன்று. 1965 நவம்பரில் போலந்தின் ஆயர்கள் ஜெர்மனியின் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உங்களுக்கு மன்னிக்கிறோம், உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறோம் என்பதே அதன் சாரம். மன்னிக்கவேண்டிய இடத்தில் இருந்த நாடு மன்னிப்பும் கேட்டதென்று போலந்தின் கம்யூனிஸ்டு அரசு கொதித்தெழுந்தது. அந்தக் கடிதத்திற்குப் பின் ஐந்து மாதங்கள்கூடக் கழியுமுன், போலந்து நாட்டான் ஒருவன் எழுதிய கிறிஸ்துவின் பாடுகள் குண்டுகளால் பாழாகி மறுபடியும் எழும்பிய ஒரு ஜெர்மானியப் பேராலயத்தில் ஒலித்தது.

இப்போது சொல்லுங்கள். அந்த மனிதன், அந்த இடத்தில், அந்த ஆண்டில், காதுக்கு இனிமையான ஒரு மெட்டை எழுதியிருந்தால் அது பக்தியா, பொய்யா?

அவன் எழுதிய ஒலி எப்படிப்பட்டது என்று எளிதாகச் சொல்லுகிறேன். நம்முடைய ஆலயத்து ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தை அழுத்தினால் ஒரு சுரம் கேட்கும். முழங்கையை வைத்து அழுத்தினால், அடுத்தடுத்துள்ள அத்தனை கட்டைகளும் ஒருமிக்கக் கதறும். சுரங்களை அப்படி நெருக்கி அடுக்கிய ஒலித்திரள்களைப் பெண்டரெட்ஸ்கி மனிதக் குரல்களால் எழுப்புகிறார். குரல்கள் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் சரிகின்றன. பாடகர்கள் பாடுவதோடு நிற்பதில்லை. முணுமுணுக்கிறார்கள், சீறுகிறார்கள், ஏளனமாய்ச் சிரிக்கிறார்கள், கத்துகிறார்கள். ஆண்டவரைப் பிடித்துவைத்திருந்தவர்கள் அவரைப் பரியாசம்பண்ணி அடித்த இடத்தை (லூக்கா 22:63-65) நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திற்கு மூன்று பகுதி ஒத்திசைவில் அழகான பாட்டு போடுவது எப்படி? பரியாசம் பரியாசமாகவே ஒலிக்கவேண்டாமா?

படைப்பின் முதல் பாகம் பிலாத்துவின் நியாயஸ்தலத்தில் முடிகிறது. மூன்று பாடகர் குழுக்களும் சேர்ந்து ஒரே ஜனக்கூட்டமாகி, அவரைச் சிலுவையில் அறையும்படி ஆர்ப்பரிக்கின்றன. இரண்டாம் பாகம், மரணத்தின் தூளிலே தாம் போடப்பட்டதைச் சொல்லும் 22-ஆம் சங்கீதத்தின் வசனத்தோடு தொடங்குகிறது. கூச்சல் அடங்கியதும் தூசி. இந்த வரிசையைச் சுவிசேஷத்தை வாசித்த ஒருவன் அமைத்திருக்கிறான் என்பதில் சந்தேகமில்லை.

இவை எல்லாம் நவீன காலத்தின் கோணல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாம் எல்லாரும் தலைவணங்குகிற யோஹான் செபாஸ்டியான் பாக், மத்தேயுவின்படியான பாடுகளில், ஜனங்கள் பரபாஸின் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரே ஒரு கடூரமான சுரக்கூட்டை வைத்தார். பாட்டு என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. ஒரு வெடிப்பு மட்டுமே உண்டு. கொலைகாரனைக் கேட்ட வாய்க்கு இன்பமான மெட்டு பொருந்தாது என்று அந்த லுத்தரன் விசுவாசி அறிந்திருந்தார். பெண்டரெட்ஸ்கி அந்தக் கடனை மறைக்கவில்லை. ஜெர்மானியர் சுரங்களுக்கு வழங்கும் எழுத்துகளில் பாக்கின் பெயரிலுள்ள பி, ஏ, சி, எச் என்னும் நான்கும் நான்கு சுரங்களாகும். அந்த நாலு சுரத் தொடரைத் தம்முடைய படைப்பின் உள்ளே இழைத்திருக்கிறார்.

இனி இந்த இசைக்கு விரோதமாகச் சொல்லப்படும் வாதங்களைப் பார்ப்போம். இவற்றைச் சொல்லுகிறவர்கள் நம் நடுவிலே இருக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையோடும் ஒளிவுமறைவில்லாமலும் பதில் சொல்லவேண்டியது என் கடமை.

முதலாவது வாதம்: தேவன் கலகத்திற்குத் தேவனல்ல, ஆகையால் ஒழுங்கற்ற ஒலி தேவனுக்கு உகந்ததல்ல என்கிறார்கள். 1 கொரிந்தியர் 14-ஐ எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். சபையில் ஒருவர் பேசுகையில் மற்றவருக்குப் பக்திவிருத்தி உண்டாகவேண்டும் என்பதே அப்போஸ்தலனுடைய கவலை. அங்கே அவர் இனிமையைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெண்டரெட்ஸ்கியின் கூச்சல் ஒழுங்கற்றதும் அல்ல. எந்தக் குழு எந்த நொடியில் சீறவேண்டும், எவ்வளவு நேரம் முணுமுணுக்கவேண்டும் என்பது தாளில் எழுதப்பட்டிருக்கிறது. கலகத்தைக் காட்டுவது வேறு, கலகம்பண்ணுவது வேறு. லூக்கா கலகத்தை எழுதினதால் அவர் கலகக்காரராகிவிடவில்லையே.

இரண்டாவது வாதம்: தாவீதின் சுரமண்டலம் சவுலின் மனதை ஆற்றிற்று, தேவனுடைய இசை ஆறுதல்படுத்தும் இசையே என்கிறார்கள். 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வதால் வரும் வாதம் இது. 18-ஆம் அதிகாரத்திற்கும் 19-ஆம் அதிகாரத்திற்கும் வாருங்கள். அதே தாவீது, அதே சுரமண்டலம், அதே சவுல். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எறிகிறான். இனிய இசை அவனை ஆற்றியது, அவனை மாற்றவில்லை. தன் பொறாமையை ஒரு நாளும் உற்றுப் பாராதவனுக்கு, இசை ஒரு மருந்துக் குளிகையைப்போல் வேலை செய்து, பிறகு வேலை செய்யாமல் போயிற்று. மனதை ஆற்றிக்கொள்வதற்காக மாத்திரம் ஆலயத்திற்கு வருகிறவன் ஈட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டைக் கேட்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம்: துதியே விசுவாசியின் பலம், புலம்பலும் கூச்சலும் ஜனங்களைச் சோர்ந்துபோகப்பண்ணும் என்கிறார்கள். இதற்கு ஆமோஸ் தீர்க்கதரிசியைக் கேளுங்கள். ஆறாம் அதிகாரத்தில், சுரமண்டலத்தை வாசித்துப் பாடி, நல்ல எண்ணெயைப் பூசிக்கொண்டு, யோசேப்பின் நாசத்தைக் குறித்துத் துக்கப்படாதவர்களைப் பார்த்து அவர் ஐயோ என்கிறார். அவர்கள் பாடியது அவருக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. அழவேண்டிய நாளில் பாடியதே குற்றமாயிற்று. நீதிமொழிகள் 25:20 இதைவிடக் கடுமையானது. துக்கமுள்ள மனதுக்குப் பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் ஒருவனுடைய வஸ்திரத்தைக் களைவதற்கு ஒப்பு என்று ஞானி சொல்லுகிறார்.

பிரியமானவர்களே, அந்த வசனத்தை நம் சபையின் வாசலில் வைத்துப் பாருங்கள். பிள்ளையை அடக்கம்பண்ணிய தாய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்கு வருகிறாள். கைத்தட்டிப் பாடும் பாட்டு முதலாவது. கைகளை உயர்த்திப் பாடும் பாட்டு இரண்டாவது. வெற்றியைப் பாடும் பாட்டு மூன்றாவது. அவளுடைய வாயில் இருக்கும் வார்த்தைக்கு அந்த ஆராதனையில் இடமே இல்லை. வெளிச்சத்தைக் காணாமலே முடிகிற 88-ஆம் சங்கீதம் வேதத்தில் இருக்கிறது. நம்முடைய பாட்டுப் பட்டியலில் இல்லை. அவள் ஒன்று தன் துக்கத்தை மறைத்துப் பாடவேண்டும், அல்லது வாய்மூடி நிற்கவேண்டும். பாடுபட்டவரை ஆராதிக்கிற சபையில் பாடுபடுகிறவளுக்குக் குரல் இல்லை. குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவர்கள் நாமே. இனிமை என்பது இசைக்குழுவின் ரசனையைப் பற்றிய காரியம் என்று நினைத்தீர்களா? அது இந்தத் தாயைப் பற்றிய காரியம்.

நான்காவது வாதம்: இந்த ஒலியிலே பொருளே விளங்கவில்லையே என்கிறார்கள். வார்த்தைகள் விளங்காத இடங்கள் அதில் உண்டு என்பது மெய்தான். ஆனால் வார்த்தையாக உருப்பெறாத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 நமக்குப் போதிக்கிறது. நம்முடைய ஆண்டவர் தம் மாம்சத்தின் நாட்களில் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணினார் என்று எபிரெயர் 5:7 கூறுகிறது. எஸ்றாவின் புத்தகத்தில், ஆலயத்தின் அஸ்திபாரம் போடப்பட்ட நாளில், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் அழுதார்கள், மற்றவர்கள் களிப்பாய் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது களிப்பு என்று ஜனங்களுக்குப் பகுத்தறிய முடியவில்லை, அந்தச் சத்தமோ வெகுதூரம் கேட்கப்பட்டது (எஸ்றா 3:12-13). அழுகையும் களிப்பும் ஒன்றாய்க் கலந்து, பிரித்தறிய முடியாத ஒரே ஒலித்திரளாய் எழும்பினது. அதைக் கேட்டு எவரும் பாடகர் குழுவைத் திருத்தினதாக எழுதப்படவில்லை.

இந்த நான்கு வாதங்களுக்கும் அடியில் வேறொன்று கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்காமல் விடமாட்டேன். ஏசாயா 53-ஆம் அதிகாரம் பாடுபடும் தாசனைப்பற்றிச் சொல்லும்போது, அவருக்கு அழகுமில்லை, விரும்பத்தக்க ரூபமுமில்லை என்கிறது. அப்படிப்பட்டவரைப் பற்றிய பாட்டுமட்டும் அழகாயிருக்கவேண்டும் என்று நாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? அழகற்ற சிலுவையை அழகான பாட்டினால் போர்த்திவிட்டால், அதைப் பார்க்கவேண்டியதில்லை. அதைப் பாராவிட்டால், அங்கே நின்ற கூட்டத்தையும் பாராமல் இருந்துவிடலாம். கூட்டத்தைப் பாராவிட்டால், அதற்குள் நம்முடைய முகத்தைக் கண்டுபிடிக்கும் ஆபத்து நீங்கிவிடும்.

லூக்கா அந்தக் கூட்டத்தை எப்படிக் காட்டுகிறார் என்று கவனியுங்கள். 23-ஆம் அதிகாரம் 21-ஆம் வசனத்தில் அவர்கள் கூக்குரலிடுகிறார்கள். 23-ஆம் வசனத்தில் அவர்களுடைய சத்தம் மேற்கொள்கிறது. நியாயாதிபதி மூன்று முறை குற்றமில்லை என்று சொல்லியும், அன்று தீர்ப்பைத் தீர்மானித்தது உரத்த சத்தமே. ஆனால் 48-ஆம் வசனத்திற்கு வரும்போது, பார்க்கக் கூடிவந்திருந்த ஜனங்கள் எல்லாரும் நடந்தவைகளைக் கண்டு, தங்கள் மார்பில் அடித்துக்கொண்டு திரும்பிப்போகிறார்கள். ஜனங்கள் மார்பில் அடித்துக்கொண்டதை நால்வரில் லூக்கா ஒருவரே எழுதியிருக்கிறார். கூக்குரலிட்ட நகரமே மார்பில் அடித்துக்கொள்கிறது. சுவிசேஷகன் அவர்களை வேறொரு ஜனமாக மாற்றி எழுதவில்லை.

இங்கே ஒரு எச்சரிப்பும் அவசியம். அந்தக் கூட்டத்தை யூதர் என்று பெயரிட்டு, நாம் வேறு அவர்கள் வேறு என்று சொல்லி, பெரிய வெள்ளிக்கிழமைகளிலேயே யூதர்களை வேட்டையாடிய வரலாறு கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு உண்டு. அந்தப் பாவத்தின் முடிவில் ஆஷ்விட்ஸின் புகைபோக்கிகள் நின்றன. அந்த முகாமுக்கு அருகிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவன் பாடுகளை எழுதும்போது, கூக்குரலை யாருடைய வாயில் வைத்தான்? சபையின் பாடல்களைப் பாடிய அதே பாடகர் குழுக்களின் வாயில் வைத்தான். சிலுவையை வாழ்த்தும் பழைய பாடலோடு படைப்பைத் தொடங்குகிறவர்கள் அவர்களே. பிலாத்துவுக்கு முன்பாகக் கொலைவெறியோடு கத்துகிறவர்களும் அவர்களே. சிலுவையடியில் நின்ற தாயின் துயரத்தைப் பாடி அழுகிறவர்களும் அவர்களே. உடை மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. வேதாகமக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்றாலும் இதைவிடத் தெளிவாகப் பாவத்தின் உபதேசத்தை விளக்கமுடியுமா என்று எனக்குத் தெரியாது.

இப்போது படைப்பின் முடிவுக்கு வருகிறேன். லூக்காவில் நம் ஆண்டவர் சிலுவையில் சொன்ன கடைசி வார்த்தை, தம் ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவிக்கும் ஜெபம் (23:46). அது 31-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆண்டவர் பாதி வசனத்தோடு ஜீவனை விட்டார். பெண்டரெட்ஸ்கி தம் படைப்பை அதே சங்கீதத்தோடு முடிக்கிறார். இம்முறை பாடுகிறவர்கள் தனிப்பாடகர்களும் பாடகர் குழுக்களும். கூக்குரலிட்ட அதே வாய்கள், தாங்கள் கொன்றவரின் கடைசி ஜெபத்தைத் தங்கள் ஜெபமாக எடுத்துக்கொள்கின்றன. அவர் சொல்லாமல் விட்ட மறுபாதியையும், மீட்கப்பட்டதை அறிக்கையிடும் அந்தப் பாதியையும், சேர்த்துப் பாடுகின்றன. சங்கீதக்காரன் அங்கே கர்த்தரைச் சத்தியபரன் என்று அழைக்கிறான். சத்தியத்தின் தேவன் என்று பொருள்படும் அந்த லத்தீன் சொற்கள் வந்து சேரும் இடத்தில், இத்தனை நேரமாக மோதிச் சிதறிய குரல்கள் எல்லாம் திடீரென்று ஒரு தெளிவான ஈ மேஜர் சுரக்கூட்டில் வந்து நிற்கின்றன. நம்முடைய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எளிய சுரக்கூட்டு அது.

அந்த இனிமை எந்தச் சொல்லின்மேல் வைக்கப்பட்டது என்று கவனித்தீர்களா? சத்தியம் என்னும் சொல்லின்மேல்.

புதுமை இசையின் பக்கத்தில் நின்றவர்கள் சிலர், இந்த முடிவைக் குறித்தே அவரைக் கடிந்துகொண்டார்கள். கடுமையாக எழுதிவந்தவன் கடைசியில் மக்களுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டான் என்பது அவர்கள் குறை. நம்மில் சிலரோ, அந்த இனிப்பைத் தொடக்கத்திலேயே கொடுத்திருக்கலாமே என்பார்கள். இருவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கூக்குரலைக் கேளாதவனுக்கு அந்தச் சுரக்கூட்டு வெறும் சுரக்கூட்டு. தன் வாயும் அந்தக் கூக்குரலில் இருந்தது என்று அறிந்தவனுக்கு அது பாவமன்னிப்பு. வருஷம் முழுவதும் ஈ மேஜரிலேயே பாடிக்கொண்டிருக்கிற சபைக்கு உயிர்த்தெழுந்த ஞாயிறு எப்படிப் புதிய செய்தியாக இருக்கும்? நாற்பது நாளும் விருந்துண்டவனுக்குப் பண்டிகைச் சாப்பாடு ருசிக்குமா?

புதிய ஒலி எல்லாம் பரிசுத்தமானது என்று நான் சொல்ல வரவில்லை. திடுக்கிடச் செய்வதற்காகவே திடுக்கிடச் செய்கிற இசை உண்டு; அது தன்னையே ஆராதிக்கிறது. ஆனால் இனிமைக்காகவே இனிமையாயிருக்கிற இசையும் தன்னையே ஆராதிக்கிறது என்பதை அதே மூச்சில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு பாட்டைச் சோதிக்க வேண்டுமானால் இப்படிச் சோதியுங்கள்: இது என்னைச் சத்தியபரனுக்கு முன்பாகக் கொண்டுபோய் நிறுத்துகிறதா, அல்லது அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு இடம் தருகிறதா?

இந்தப் படைப்பை நம் பாடகர் குழு பாடவேண்டும் என்று கேட்கவில்லை. அதற்கு மூன்று குழுக்களும் நீண்ட பயிற்சியும் வேண்டும். உங்களிடம் மூன்று காரியங்களை மாத்திரம் கேட்கிறேன்.

பரிசுத்த வாரத்தில் ஒரு மாலை வேளையில், லூக்கா 22, 23 அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தப் படைப்பை முழுவதும் கேளுங்கள். ஏறத்தாழ எண்பது நிமிடம் ஆகும். நடுவில் நிறுத்தத் தோன்றும். எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த வசனம் பாடப்படுகிறது என்று பாருங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது, ஜனக்கூட்டத்தின் வார்த்தைகளைச் சபையாராகிய நாமே உரத்த சத்தமாய்ச் சொல்லுவோம். நம்மில் பலருக்கு நாக்கு எழும்பாது. எழும்பாத அந்த இடத்தில்தான் மனந்திரும்புதல் தொடங்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, புலம்பலின் சங்கீதம் ஒன்றை அதன் கடுமை குறையாமல் ஆராதனையில் வாசிப்போம். வாசித்தவுடனே துதிப்பாட்டுக்கு ஓடாமல் சற்று நேரம் மௌனமாயிருப்போம். நம் நடுவே பேச்சின்றி நிற்கிற ஒருவருக்கு அந்த மௌனம் வஸ்திரமாயிருக்கும்.

ஜெபிப்போம்:

சத்தியத்தின் தேவனே, உம்முடைய குமாரனுக்கு விரோதமாய் எழும்பிய சத்தத்தில் எங்கள் சத்தமும் இருந்ததை இனிய பாடல்களால் மறைத்தோம். எங்கள் செவிகளைத் திறந்தருளும். அழுகிறவர்களோடு அழ எங்களுக்குத் துணிவு தாரும். எங்கள் துதியில் பொய் இராதபடி காத்துக்கொள்ளும். சிலுவையில் அவர் ஒப்புவித்த அதே கரங்களில், கூக்குரலிட்ட இந்த வாய்களையும் ஏற்றுக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.